சிரிக்க வைக்கிற பிள்ளைகள்

(நம் அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாக நாங்கள் மதிப்பெண்ணைப் பற்றியும் கல்வி உதவித் தொகை விண்ணப்பத்தைப் பற்றியும்தான் பேசுவோம். இன்று பேச எடுத்திருப்பது சிரிப்பு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சில மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால் நாங்களும் அதையே கேட்டிருப்போம்.

பிள்ளைகள் எப்படி நண்பர்களாகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "உன் வாப்பா என்ன வேலை பார்க்கிறார்? நீ எந்தத் தெரு?" என்று விசாரித்துக்கொண்டு ஆவதில்லை. அதெல்லாம் நம் பழக்கம். ஒருவன் எதையோ செய்வான், இன்னொருவன் சிரிப்பான், மறுநாள் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் என்ற பேராசிரியர் சிரிப்பையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் மக்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். அந்தச் சிரிப்புகளில் பெரும்பாலானவை நகைச்சுவைத் துணுக்குக்கு வந்த சிரிப்பும் அல்ல. "சரி, அப்ப நாளைக்குப் பார்ப்போம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. அதாவது, 'உன்னோடு இருக்க எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதை மனிதர்கள் சிரிப்பால் சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

நம் மாலை வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஷார்ஜாவிலிருந்து ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பி வந்தது. வாப்பா நம் ஊர், உம்மா வேலூர்ப் பக்கம். பெண் பிள்ளை நான்காம் வகுப்பு. வந்து இரண்டு வாரம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அதன் தமிழும் நம் ஊர்த் தமிழும் ஒத்துவரவில்லை. ஒருநாள் இன்னொரு பிள்ளை அழாத குறையாகச் சொன்னது: "டீச்சர், எங்க காக்கா மொட்டை மாடியிலேர்ந்து விழுந்துட்டாங்க. கால்ல கட்டுப் போட்டிருக்கு." இந்தப் புதுப் பிள்ளை மெதுவாகக் கேட்டது: "பறந்திருக்கலாமே?"

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்று வகுப்பில் ஒரு நொடி சத்தமே இல்லை. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர் இது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு நொடியில் இரண்டு வழிகள் இருந்தன. 'உனக்கு இதுகூடத் தெரியாதா' என்று வகுப்பே அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் அது வாய் திறந்திருக்காது. ஆனால் முதலில் சிரித்தது, காக்காவுக்குக் கால் உடைந்த பிள்ளைதான். விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் வந்து, "காக்காகிட்ட சொன்னேன். அடுத்த தடவை கட்டாயம் பறக்கிறேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றது. அன்றிலிருந்து இரண்டும் பிரிந்து நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் காக்காவை ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. அவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுப் பிள்ளை தன்னம்பிக்கையால் பேசவில்லை. பேசினதும் கிடைத்த சிரிப்பு எப்படிப்பட்டது என்பதிலிருந்துதான் அதற்குத் தன்னம்பிக்கை வந்தது. நாம் பிள்ளையைத் தைரியமாகப் பேசு, பேசு என்று நெருக்குகிறோம். தைரியம் எதிரில் இருப்பவர்கள் கையிலும் பாதி இருக்கிறது.

எந்த வயதில் எதற்குச் சிரிப்பார்கள் என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கைக்குழந்தை மூன்று நான்கு மாதத்தில் சிரிக்கத் தொடங்குகிறது. முகத்தை மூடித் திறந்தால் போதும். இரண்டு மூன்று வயதில் செருப்பைத் தலையில் வைத்தால் சிரிப்பு, பூனை 'மா' என்று கத்தியதாகச் சொன்னால் சிரிப்பு. ஐந்து வயதுப் பிள்ளை விடுகதை போடுகிறேன் என்று வரும். விடையைக் கேட்டால் விடையாகவே இருக்காது. அதற்கு விடுகதையின் சத்தம் மட்டும் பிடிபட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் பூட்டு இன்னும் பிடிபடவில்லை. அதற்காக, "இது விடுகதையே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஏழு எட்டு வயதில்தான் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது உறைக்கிறது. அப்புறம் வீட்டில் நிம்மதி இருக்காது. சென்ற நோன்பில் மஃரிபுக்குச் சற்று முன்பு ஒரு சிறுவன் எங்களிடம் வந்து கேட்டான்: "நோன்பு திறக்கப் போறோம், சரி. சாவி யார்கிட்ட இருக்கு?" இன்னொருவனை ஆசிரியர், "நேற்று ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்டதற்கு, "பள்ளிக்குப் போனேன் சார், அஸருக்கு" என்றானாம். பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் ஒரே சொல்லில் இருப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த வசதி. அடி வாங்காமல் தப்பித்தான் என்று கேள்வி.

இப்படிச் சொல்லை வைத்து விளையாடும் பிள்ளை மொழியைக் கற்றுக்கொள்கிறது, எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று கணக்குப் போடவும் கற்றுக்கொள்கிறது. ஒரு வேடிக்கை எடுபட வேண்டுமானால், கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறர் மனதைப் படிக்கும் பயிற்சி அது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஆறு வயதுப் பிள்ளையிடம், "ரொம்ப அழகாத்தான் எழுதியிருக்கே, போ" என்று நாம் குத்திப் பேசுகிற பேச்சு முழுதாகப் புரியாது. சொல் ஒரு பக்கம் இழுக்கும், குரல் ஒரு பக்கம் இழுக்கும். தன்னை ஏதோ குறை சொல்கிறார்கள் என்று மட்டும் தெரியும். நமக்கு அது வேடிக்கை, பிள்ளைக்கு அது வேடிக்கை அல்ல.

மார்க்கத்தில் சிரிப்புக்கு இடம் உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. அளவுக்கு மீறிச் சிரிப்பது உள்ளத்தைச் சாகடிக்கும் என்ற எச்சரிக்கையை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டுவிட்டு, பெருமானார் (ஸல்) அவர்கள் பிள்ளைகளோடு எப்படி இருந்தார்கள் என்பதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு சிறிய தம்பி இருந்தார். அபூ உமைர் என்று பெயர். உமைரின் தந்தை என்று பொருள். பால் மணம் மாறாத பிள்ளைக்குத் தந்தை என்று பெயர்! அந்தப் பிள்ளை ஒரு சின்னக் குருவி வளர்த்தது. அது இறந்துபோனது. பிள்ளை முகம் வாடியிருப்பதைக் கண்ட நபிகளார், உமைர் என்ற பெயரோடு ஓசை ஒத்து வரும்படி நுகைர் என்று அந்தக் குருவியைக் குறிப்பிட்டு, அது என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஒரு பெரிய மனிதர், ஒரு குருவிக்காக, ஒரு பிள்ளையிடம், எதுகை வைத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் துக்கத்தைக் கேலி செய்யவில்லை. துக்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. ஏறிப் போக வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகக் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் விழித்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று உடனே விளக்கினார்கள். இது ஒரு விடுகதைதான். கேட்டவரை நீண்ட நேரம் தவிக்க விடவில்லை என்பதையும் பாருங்கள். தாம் வேடிக்கையாகப் பேசினாலும் உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவரிடம் இருந்த கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திகைக்கச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபிகளார் கண்டித்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. ஒரு கயிறுதான். யாருக்கும் காயமில்லை. செய்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. சூரா அல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனம் ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் விளித்து, ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று தடுக்கிறது. நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாத வீடு எது? அறுபது வயது மனிதரையும் அவருடைய பாட்டனாருக்கு யாரோ வைத்த பெயரால்தான் அடையாளம் சொல்கிறோம். சில கல்யாணப் பத்திரிகைகளில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாது. அதில் சில பெயர்களைக் குடும்பத்தாரே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அது வேறு. சில பெயர்களைக் கேட்டதும் ஒரு மனிதரின் முகம் அரை நொடி மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்தும் கூப்பிட்டிருக்கிறோம்.

இனிமேல் சொல்லப் போவது எங்கள் தவறு. இதற்காகத்தான் இந்தக் கூட்டமே. அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களையும், அந்தப் பட்டப்பெயரையும் மாற்றியிருக்கிறோம். யார் என்று ஊகிக்க முயல வேண்டாம்.

நம் மாலை வகுப்புக்கு ஒரு சிறுவன் வந்துகொண்டிருந்தான். 12 வயது. கொஞ்சம் கனத்த உடம்பு. பிள்ளைகள் அவனுக்கு 'அண்டா' என்று பெயர் வைத்தார்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அண்டா. முதல் வாரம் அவன் முகம் சுண்டியது. இரண்டாம் வாரம் அவனே, "அண்டா வந்தாச்சு, கஞ்சி யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வகுப்புக்குள் வந்தான். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறான், எவ்வளவு பக்குவம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். உட்காரும்போது நாற்காலி உடைகிற மாதிரி சத்தம் போடுவான். சாப்பாட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் தன்னையே முன்னால் நிறுத்துவான். ஆண்டு விழாவில் மேடையில் நிகழ்ச்சிகளை அறிவிக்க அவனைத்தான் போட்டோம். மேடையிலும் அதையே செய்தான். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. இங்கே இருக்கிற பலர் அன்று கைதட்டினீர்கள்.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் அவன் வாளியோடு நிற்பதை யாரோ ஒரு பிள்ளை படம் எடுத்து ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர்தான். பரீட்சை தள்ளிப்போனால் அது, மழை பெய்தால் அது. எங்கள் தன்னார்வலர் ஒருவரும் ஒருநாள் அதையே பதிலாகப் போட்டார். அவனும் கீழே சிரிக்கிற முகம் போட்டிருந்தான்.

பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவன் மாலை வகுப்புக்கு வரவில்லை. அவன் உம்மாதான் வந்தார்கள். காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்கிறான், டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் இல்லை என்கிறார், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது என்றார்கள். பிறகு ஒன்று சொன்னார்கள். நாங்கள் அதை மறக்கவில்லை. "ஊரே எம் புள்ளையைப் பார்த்துச் சிரிக்குது, அவன் எல்லாரையும் சிரிக்க வைக்கிறான்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். அவன் வீட்ல சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு நான் பார்க்கலையே."

நாங்களும் பார்க்கவில்லை. இது நமக்கு மட்டும் நடப்பதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். கனடாவைச் சேர்ந்த ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003 இல் மனிதர்களின் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பிறரோடு சேர்ந்து மகிழ்வதற்கான வேடிக்கை ஒன்று. துன்பத்திலும் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வேடிக்கை ஒன்று. பிறரைக் குத்துவது ஒன்று. பிறர் தன்னை ஏற்றுக்கொள்வதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்வது ஒன்று. இங்கிலாந்தில் கிளேர் ஃபாக்ஸ் என்பவரின் குழு, 11 முதல் 13 வயது வரையிலான மாணவர்களிடம் இதைப் பார்த்தது. சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளாகிற பிள்ளைகளிடம் நாளடைவில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் வேடிக்கை கூடுகிறது, சேர்ந்து மகிழும் வேடிக்கை குறைகிறது என்று கண்டார்கள். தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பிள்ளை மேலும் துன்புறுத்தலுக்கு ஆளாகிறது என்பதும் தெரிந்தது. அது ஒரு செக்கு. பிள்ளை அடியைத் தாங்குவதற்காக ஒன்றைச் செய்கிறது, அதுவே அடுத்த அடியைக் கூப்பிடுகிறது. மற்ற பிள்ளைகளோ, 'அவனே சொல்கிறானே, நாம் சொன்னால் என்ன' என்று நினைக்கிறார்கள். அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. பெரியவர்களான எங்களுக்கே அது புரியவில்லை.

நாங்கள் முதலில் செய்ததும் தவறாகவே போனது. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி அறிவுரை சொன்னோம். அவனை வரவழைத்து, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் செய்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் அண்டா. அதன் பிறகு 'விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்ப் பெரியவர்களிடம் சொன்னவன்'. இரண்டாவது பெயர் முதலாவதைவிட மோசம். மூன்று வாரம் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பிறகு வாய்ச்சொல்லைக் குறைத்துக்கொண்டோம். ஸ்டிக்கரை எல்லார் கைபேசியிலிருந்தும் அழிக்கச் சொன்னோம். தன்னார்வலர் தம்முடையதை முதலில் அழித்தார். அவனோடு சாவகாசமாகப் பேசிப் பழகும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார். அவர் ஒருநாள் அவனிடம், "நீ சொன்ன ஜோக்கிலேயே உனக்குப் பிடிச்சது எது?" என்று கேட்டார். உடம்பைப் பற்றிச் சொன்னதில் ஒன்றையாவது சொல்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் சொன்னது: "அந்தச் சாவி ஜோக். அது நான் சொல்லிக் குடுத்ததுதான். சின்னப் பயலுக அவங்க சொன்னதா சொல்றாங்க." நோன்பு திறக்கச் சாவி கேட்டானே ஒரு சிறுவன், அதன் சொந்தக்காரன் இவன். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. இப்படிச் சொல்லை வைத்து விளையாடும் ஒரு பிள்ளையை நாற்காலி உடைக்க விட்டுக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாயிற்று. அவன் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேர், நாங்கள் சொல்லாமலே, அவன் வீட்டுக்குக் கேரம் விளையாடப் போனார்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினான். பெரிய பையன் கூப்பிட்டதைச் சின்னப் பிள்ளைகளும் பின்பற்றின. நாங்கள் போட்ட தடையைவிட இது வேலை செய்தது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். புதியவர்கள் யாராவது வந்தால் இன்னும் அவன் முந்திக்கொண்டு தன் உடம்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறான். நாங்கள் இப்போது அதற்குச் சிரிப்பதில்லை. அதட்டுவதும் இல்லை. அவன் சொல்கிற மற்றதற்கெல்லாம் சிரிக்கிறோம்.

விளையாட்டா வதையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். முகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்களுக்குப் பிடிபட்ட அடையாளங்களைச் சொல்கிறோம். நண்பர்களுக்குள் ஓடுகிற கேலி மாறிக்கொண்டே இருக்கும். இன்று இவன் மாட்டுவான், நாளை அவன் மாட்டுவான், விஷயமும் மாறும். வதை மாறாது. ஒரே பிள்ளை, ஒரே சொல், மாதக்கணக்கில். கேலிக்கு ஆளானவன் திருப்பிக் கேலி செய்தால் மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பயமில்லை. திருப்பிச் சொன்னதும் "ரொம்ப வாய் நீளுது" என்றால் அது நட்பு அல்ல. பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளை அன்று நடந்த வேடிக்கையைத் தானாகச் சொல்கிறதா, நாம் கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லை" என்கிறதா என்பதும் ஓர் அடையாளம். சாப்பாட்டு டப்பாவையும் பாருங்கள்.

வீட்டில் நாம் செய்கிற சிலவற்றையும் சொல்ல வேண்டும். விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு அந்த ஜோக்கைச் சொல்லு" என்று பிள்ளையை இழுத்து நிறுத்துகிறோம். பிள்ளை வெட்கத்தில் நெளிந்தால், "இவன் இப்படித்தான், நாலு பேர் முன்னாடி வாயே வராது" என்று அதன் காதுபடவே சொல்கிறோம். அதற்குப் பிறகு எப்படி வாய் வரும்? நிறத்தையும் உடம்பையும் திக்குவாயையும் வைத்துக் கேலி செய்வதில் சித்தப்பாமார்களும் மாமிமார்களும்தான் முதலிடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வைக்கப்படும் பல பட்டப்பெயர்கள் நம் வீட்டுத் திண்ணையில் பிறந்தவை. கிச்சுக் கிச்சு மூட்டும்போதுகூட, பிள்ளை போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். சிரித்துக்கொண்டேதான் போதும் என்று சொல்லும். அப்போதும் நிறுத்துங்கள். சிரித்தாலும் தன் 'போதும்' மதிக்கப்படும் என்று அது வீட்டில் அறிந்தால்தான் வெளியே போய்ச் சொல்லும், வெளியே இன்னொருவர் சொன்னால் கேட்கும்.

எல்லாப் பிள்ளையும் வேடிக்கை பேச வேண்டும் என்றும் இல்லை. சில பிள்ளைகள் சொல்லாது, ஆனால் பிறர் சொல்வதை ரசித்துச் சிரிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நண்பர்கள் குறைவதே இல்லை என்பதை வகுப்பில் பார்க்கிறோம். காக்கா விழுந்த கதையில் முதலில் சிரித்த அந்தப் பிள்ளை இன்றுவரை சொந்தமாக ஒரு வேடிக்கையும் சொன்னதில்லை.

சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு நம் கட்டடத்தின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கு விடுகதை நேரம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். முல்லா கதைகளும் பீர்பால் கதைகளும் கைவசம் இருக்கின்றன. முல்லா தாம் ஏறியிருக்கும் கழுதையை எண்ண மறந்துவிட்டு ஒரு கழுதையைக் காணோம் என்று தேடுகிற கதையை ஏழு வயதுப் பிள்ளைகள் நான்கு தடவை கேட்டுவிட்டார்கள், இன்னும் அலுக்கவில்லை. வீட்டில் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விடுகதைகளை எழுதியோ குரல் பதிவாகவோ அனுப்புங்கள். எங்களிடம் இருப்பது தீர்ந்துகொண்டிருக்கிறது. யாருடைய உடம்பையும் நிறத்தையும் வீட்டையும் வைத்து வேடிக்கை சொல்வதில்லை என்பது அங்கே ஒரே விதி. இந்த விதியைப் பிள்ளைகளே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே யாரோ, 'காக்காவைத் தவிர' என்று எழுதியிருந்தார்கள். காக்காவிடமே கேட்டோம். இருக்கட்டும் என்றார்.

தேநீர் வருவதற்குள் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்க விருப்பமில்லாதவர்கள், கூட்டம் முடிந்ததும் கல்விக் குழுச் சகோதரிகளிடம் தனியாகப் பேசலாம். இஷா வரை இங்கேதான் இருப்போம். வஸ்ஸலாம்.